ஆடினவள் யார்? பார்த்தவன் யார்?

(பூந்தமல்லியை அடுத்த நசரத்பேட்டையில் நடந்த கூட்டத்தில் செய்த சொற்பொழிவின் சாரம்)



இன்று நான் பேச வேண்டுமென்று குறிக்கப்பட்டிருக்கும் விஷயம் நாட்டியம் என்பதாகும். இதைக் கேட்டதும் உங்களில் சிலருக்கு, "சாமியையும் சாதியையும் பற்றிப் பேசுகிறவர்களுக்கு ஆட்டத்தைப் பற்றி என்ன பேச்சு?" என்று தோன்றியிருக்கும். எனக்கு ஆடத் தெரியாது. தாளம் போட்டால் கூட நடுவில் தப்பிப் போகும். ஆனாலும் இதை நாம் பேசாவிட்டால் வேறு யாரும் நேராகப் பேசமாட்டார்கள் என்பதினாலேயே ஒப்புக்கொண்டேன்.

இங்கு வரும் வழியில் பூந்தமல்லிச் சாலையில் இரண்டு மூன்று வீட்டு வாசலில் "பரதநாட்டியம் கற்றுத் தரப்படும்" என்று பலகை தொங்கக் கண்டேன். கூட வந்த தோழர் ஒருவர் அதைக் காட்டி, "தாசி முறையை ஒழித்தவர்கள் நீங்கள். அதனால் அந்த ஆட்டமே செத்துப் போயிருக்கும், நல்ல வேளையாகப் பெரிய வீட்டுப் பெண்கள் கையிலெடுத்துப் பிழைக்க வைத்தார்கள் என்று எங்கள் ஊரில் ஒருவர் சொல்லுகிறார். அவருக்கு என்ன பதில் சொல்வது?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். அதற்குப் பதிலாகச் சில பெண்களின் கதையைச் சொல்லுகிறேன். கேட்டுவிட்டு நீங்களே முடிவு கட்டுங்கள்.

பாரிசுக்குப் போன தாசிகள்

1838-ஆம் வருஷத்தில் ஒரு பிரெஞ்சுக்கார வியாபாரி புதுச்சேரியில் ஒப்பந்தம் எழுதி, நம்மவர்களில் ஒரு நாட்டியக் கூட்டத்தைக் கப்பலேற்றிப் பாரிசுக்குக் கொண்டு போனான். கடலூருக்குப் பக்கத்திலுள்ள திருவேந்திபுரம் பெருமாள் கோயிலைச் சேர்ந்த தாசிகள் ஐந்து பேர். பக்கவாத்தியத்துக்கு ஆண்கள் மூன்று பேர். தாசிகளில் முக்கியமானவள் அம்மணி என்பவள். வயது சுமார் பதினெட்டு. மற்றவர்களில் சிறுமிகளும் உண்டு. பிரெஞ்சு ராஜாவின் அரண்மனையில் ஆடினார்கள். பாரிசில் காசு கொடுத்து டிக்கெட்டு வாங்கி வந்த ஜனங்கள் முன்னால் ஆடினார்கள். பிறகு லண்டனுக்கும் போய் ஆடினார்கள். பார் என்ற சிற்பி அம்மணி ஆடுகிற தோற்றத்தை அந்த வருஷமே வெண்கலத்தில் சிலையாக வார்த்தார். தியோஃபில் கோத்தியே என்ற பெரிய எழுத்தாளர் அவளைப் பற்றிப் பத்திரிகையில் புகழ்ந்து எழுதினார்.

இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், அம்மணி போய்ச் சேருவதற்கு எட்டு வருஷம் முன்பே பாரிஸ் மேடையில் ஒரு தாசி ஆடிவிட்டாள். அது வேஷத் தாசி. 1830-இல் அங்கே நடந்த ஒரு நாடகத்தில், கடவுள் மனிதனாக வந்து, ஒரு தாசியின் அன்பைச் சோதித்து, கடைசியில் அவளைச் சொர்க்கத்துக்கு அழைத்துக்கொண்டு போவதாகக் கதை. அந்தத் தாசி வேஷம் போட்டவர் மேரி தாலியோனி என்ற அம்மையார். அந்த நாடகத்துக் கடவுளாவது தாசியைச் சொர்க்கத்துக்குக் கூட்டிப் போனார். நம் நாட்டுக் கடவுள் ஆயிரம் வருஷமாகத் தாசிகளை வைத்துக் கொண்டிருந்தும் ஒருத்தியையாவது பக்கத்துத் தெருவுக்குக் கௌரவமாக அழைத்துப் போனதாகச் சங்கதி இல்லை!

ஓர் இத்தாலிய வம்சத்துப் பெண்

இந்தத் தாலியோனி அம்மையார் 1804-இல் பிறந்தவர். தகப்பனார் பிலிப்போ தாலியோனி இத்தாலியில் மிலான் நகரத்துக்காரர். தாயார் சுவீடன் தேசத்தார். தகப்பனாரே நாட்டிய ஆசிரியர். மகளை வியன்னா நகரத்தில் வைத்து ஆறு மாத காலம், தினம் ஆறு மணி நேரம் பழக்கினார். காலையில் இரண்டு மணி, மத்தியானம் இரண்டு மணி, இரவில் இரண்டு மணி. ஒரே நிலையில் நின்று நூறு எண்ணும் வரை அசையக் கூடாது. காலின் நுனி விரலில் நிற்பதைக் கழைக்கூத்துப் போலல்லாமல் காற்றில் மிதப்பது போலாக்கிக் காட்டினவர் என்று அவருக்குப் பேர். 1832-இல் பாரிசில் அவர் ஆடிய 'லா சில்ஃபீட்' என்ற பாலே நாட்டியம் அந்தக் கலையின் போக்கையே மாற்றியது.

இதைக் கேட்டுவிட்டு யாரும் "தெய்வ அருள்" என்று சொல்ல வேண்டாம். தினம் ஆறு மணி நேரம் என்பதை மட்டும் ஞாபகத்தில் வையுங்கள். அருள் இருந்தால் ஆறு மணி நேரம் எதற்கு?

பிறகு ரஷ்யாவுக்குப் போனார். அங்கே அவர் போட்டு ஆடிய செருப்பை ரசிகர்கள் ஏலத்தில் எடுத்து, சமைத்துக் குழம்பு ஊற்றித் தின்றார்கள் என்று ஒரு கதை உண்டு. நிஜமோ பொய்யோ, பக்தி முற்றினால் புத்தி எங்கே போகும் என்பதற்கு அது நல்ல உதாரணம். பிரசாதம் என்றால் எதையும் விழுங்குகிறவர்கள் நம் நாட்டில் மட்டும் இல்லை.

1847-இல் மேடையை விட்டார். நம் காரியத்துக்கு வேண்டிய சங்கதி இனிமேல்தான். 1850களின் கடைசியில் பாரிஸ் நாட்டிய மன்றத்தில் உபாத்தியாயராக வந்து அமர்ந்தார். அங்கே மாணவிகளுக்குப் பரீட்சை வைத்து, தேறியவர்களை மேல் வகுப்புக்கு ஏற்றுகிற ஒழுங்கை ஏற்படுத்தினார். எம்மா லீவ்ரி என்ற பெண்ணைத் தம் வாரிசு போலத் தயாரித்து, 1860-இல் அவளுக்கென்றே ஒரு நாட்டியம் அமைத்தார். பாவம், 1862-இல் ஒத்திகையின்போது மேடை விளக்கின் தீ அந்தப் பெண்ணின் மெல்லிய பாவாடையில் பற்றி, எட்டு மாதம் துன்பப்பட்டு இறந்து போனாள். பின்னர் 1870 யுத்தத்தையொட்டி அம்மையாரின் சொத்தும் போயிற்று. அறுபத்தைந்து வயது தாண்டிய கிழவி என்ன செய்தார்? லண்டனுக்குப் போய்ப் பிள்ளைகளுக்கு நடனம் சொல்லிக் கொடுத்துச் சம்பாதித்துச் சாப்பிட்டார். 1884-இல் இறந்தார்.

அப்படியானால் ஐரோப்பா சுத்தமான பூமியா? இல்லை. பாரிஸ் நாட்டிய மன்றத்தில் சேர்ந்த பெண்கள் பெரும்பாலும் ஏழை வீட்டுப் பெண்கள். பணக்காரச் சந்தாதாரர்கள் மேடைக்குப் பின்னால் தனி மண்டபத்துக்கே வந்து அந்தப் பெண்களைப் பொறுக்கிப் பழகினார்கள். மைனர்கள் எல்லா நாட்டிலும் உண்டு. ஆனால் வித்தியாசம் இருக்கிறது. அங்கே நடந்த அயோக்கியத்தனத்துக்கு அயோக்கியத்தனம் என்றே பேர். "இது கடவுள் கட்டளை, உன் மகளும் பேத்தியும் இதையேதான் செய்ய வேண்டும்" என்று எந்தப் பாதிரியும் முத்திரை போடவில்லை. ஆடுகிறவள் கல்யாணம் செய்து கொள்ளலாம்; வேண்டாமென்றால் ஆட்டத்தை விட்டுவிடலாம். ஆட்டம் அவளுக்குத் தொழில். பிறவித் தண்டனை அல்ல.

நம் நாட்டு ஏற்பாடு

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். தாலியோனி பிறந்த அதே 1804-இல்தான் தஞ்சாவூரில் பொன்னையா பிறந்தார். சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்ற அந்தச் சகோதரர்கள் நால்வரும் தஞ்சை அரண்மனையில் இருந்த நட்டுவனார்கள். இன்று மேடையில் அலாரிப்பு, ஜதிஸ்வரம், சப்தம், வர்ணம், பதம், தில்லானா என்று வரிசையாக ஆடுகிறார்களே, அந்த வரிசையை ஒழுங்குபடுத்தினவர்கள் அவர்களே. "சிவபெருமான் ஆடினார், பரத முனிவர் எழுதினார்" என்று வாய் கூசாமல் சொல்லுகிறவர்கள், இருநூறு வருஷத்துக்கு முன் தஞ்சாவூரில் உட்கார்ந்து மூளையைக் கசக்கின இந்த நான்கு மனிதர்களின் பேரைச் சொல்வதில்லை. சொன்னால், கலை மனிதன் உழைப்பு என்பது வெளியாகிவிடும்.

நட்டுவனார் தட்டுக்கழியைத் தட்ட, ஐந்து ஆறு வயதுக் குழந்தை அரைமண்டியில் உட்கார்ந்து அடவு பழக வேண்டும். தொடை நடுங்கும்; பாதம் காய்க்கும். தாலியோனிக்கு ஆறு மணி நேரம் என்றால் இந்தக் குழந்தைக்கும் குறைவில்லை. பாட்டு, தாளம், தமிழ் தெலுங்கு இரண்டு பாஷையிலும் பதங்கள், ஒரே அடிக்குப் பத்து விதமாக முகத்தில் அர்த்தம் காட்டுகிற அபிநயம், இவ்வளவும் கற்க வேண்டும். இது எந்தத் தேசத்துப் பாடசாலைக்கும் குறைந்த படிப்பல்ல.

ஆனால் படிப்பு முடிந்ததும் என்ன ஆயிற்று? பொட்டுக் கட்டினார்கள். கழுத்தில் தாலி; புருஷன் கல். கல்லுக்குக் கண் உண்டா? ஆட்டம் பார்க்கத் தெரியுமா? கல்லின் பேரால் பார்த்தவர்கள் தர்மகர்த்தாவும் மிராசுதாரரும் ஜமீன்தாரரும்தான். கோயில் மானிய நிலம் அவள் குடும்பத்துக்கு உண்டு. ஆனால் அவளோ அவள் மகளோ கோயில் ஊழியத்தை விட்டால் நிலமும் போய்விடும். ஆக, நிலம் அவளுக்குச் சொந்தமல்ல. அவளைக் கட்டிய கயிறு.

"தாசிக்குப் படிப்பு இருந்ததே, சொத்து இருந்ததே, குடும்பப் பெண்ணுக்கு அதுகூட இல்லையே" என்று கேட்பார்கள். உண்மைதான். படித்த பெண்ணென்றால் அவளுக்குக் குடும்பம் கிடையாது, குடும்பப் பெண்ணென்றால் அவளுக்குப் படிப்புக் கிடையாது என்று பெண்ணை இரண்டாகப் பிளந்து வைத்த அந்த ஏற்பாட்டையே நாம் கண்டிக்கிறோம். இருவருக்கும் இரண்டும் வேண்டும் என்பதுதான் சுயமரியாதை.

சட்டம் வந்த கதை

புதுக்கோட்டையில் இதே வகுப்புத் தாயாருக்குப் பிறந்து டாக்டரான முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் 1927-இல் சென்னைச் சட்டசபையில் இந்தப் பிரச்சினையைக் கிளப்பினார். 1929-இல் வந்த சட்டம், மானிய நிலத்தைக் கோயில் ஊழியத்திலிருந்து பிரித்து, ஊழியம் செய்யாவிட்டாலும் நிலம் அந்தப் பெண்ணுக்கே என்று ஆக்கிற்று. பொட்டுக் கட்டுவதையே குற்றமாக்கும் சட்டம் 1947-இல்தான் நிறைவேறியது. இடையில் போனது பதினெட்டு வருஷம். அந்தப் பதினெட்டு வருஷத்தில் எத்தனை குழந்தைகள் கழுத்தில் தாலி ஏறியதென்று எந்தச் சாஸ்திரியாவது கணக்கு வைத்திருக்கிறாரா?

ஊர் ஊராய்ப் போய்ப் பேசியவர் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார். அந்த முறைக்குள் சிக்கவைக்கப்பட்டு, அதை உடைத்துக்கொண்டு வெளியே வந்தவர். 1936-இல் 'தாசிகள் மோசவலை' என்று நாவலே எழுதினார். அதே சமயம் தாசிகளிலேயே பல பெண்கள் சட்டம் வேண்டாமென்று சர்க்காருக்கு மனுக் கொடுத்தார்கள் என்பதையும் நாம் மறைக்க வேண்டியதில்லை. "எங்களுக்கு வேறு பிழைப்பு என்ன?" என்பது அவர்கள் பயம். அந்தப் பயம் பொய்யல்ல. அதற்கு ஒரு சாட்சி சொல்லுகிறேன்.

மயிலாப்பூர் கௌரி அம்மாள்

நம் நசரத்பேட்டையிலிருந்து காலையில் பஸ் ஏறினால் மத்தியானத்துக்குள் மயிலாப்பூர் போய்த் திரும்பிவிடலாம். அங்கே கபாலீசுவரர் கோயிலைச் சேர்ந்த தாசிக் குடும்பத்தில் 1892-இல் பிறந்தவர் கௌரி அம்மாள். தாயார் துரைக்கண்ணும் பேர் பெற்ற நாட்டியக்காரி. கௌரி அம்மாளின் அபிநயத்துக்கு ஈடில்லை என்று பார்த்தவர்கள் சொல்லுவார்கள். நாட்டியத்தைச் சபைக்குக் கொண்டுவர வேண்டுமென்று வக்கீல் ஈ. கிருஷ்ணய்யர் பாடுபட்ட காலத்தில், 1932 ஜனவரியில் சென்னை மியூசிக் அகாடமியில் கௌரி அம்மாளின் கச்சேரி நடந்தது.

அவரிடம் கற்றவர்களில் இரண்டு பேரை மட்டும் பாருங்கள். ஒருவர் பாலசரஸ்வதி, வீணை தனம்மாளின் பேத்தி, அதே வகுப்பு. கௌரி அம்மாளின் ஆட்டத்தைப் பார்த்துத்தான் சிறு குழந்தையான பாலசரஸ்வதிக்கு ஆசை பிறந்தது. கந்தப்ப நட்டுவனாரிடம் பயின்று, அபிநயத்தைக் கௌரி அம்மாளிடம் கற்று, 1962-இல் அமெரிக்காவுக்கும் 1963-இல் எடின்பரோ விழாவுக்கும் போய் ஆடினார். அமெரிக்காவில் வெஸ்லியன் சர்வகலாசாலையில் ஆசிரியராக இருந்து வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்குக் கற்பித்தார். 1973-இல் சங்கீத கலாநிதி பட்டமும் வந்தது.

மற்றொருவர் ருக்மிணி தேவி; பார்ப்பன வகுப்பு. இவருக்கு முதலில் பிடித்தது ஐரோப்பிய நாட்டியம். ரஷ்ய நாட்டியக்காரி அன்னா பாவ்லோவா, "உங்கள் நாட்டுக் கலையைக் கற்றுக்கொள்" என்று சொன்னதாகச் சொல்லுவார்கள். அந்தப் பாவ்லோவாவுக்கு உபாத்தியாயராயிருந்த செக்கெட்டி ஓர் இத்தாலியர். இத்தாலியக்காரனிடம் கற்றவள் சொல்லித்தான் நம் மயிலாப்பூர்க் கலையின் அருமை நம் பெரிய வீட்டாருக்குத் தெரிந்தது! ருக்மிணி தேவி கௌரி அம்மாளிடமும் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமும் கற்று, 1935-இல் மேடையேறி, 1936-இல் கலாக்ஷேத்திரத்தை ஆரம்பித்தார். பார்ப்பனப் பெண் சதங்கை கட்டுவதா என்று அவர் சாதியார் தூற்றியதைத் தாங்கி நின்றது தைரியமான காரியம்தான். அதை நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். கௌரி அம்மாளும் அங்கே கற்பித்தார்.

சிஷ்யை ஒருவர் ராஜ்ய சபை அங்கத்தினரானார். சிஷ்யை மற்றொருவர் கடல் கடந்து புகழ் பெற்றார். இருவரும் அந்த மரியாதைக்கு உரியவர்களே. ஆனால் கற்பித்தவர் கதி என்ன? கௌரி அம்மாள் முதுமையில் கண் பார்வை குன்றி, வறுமையில் இருந்து, 1971-இல் இறந்தார். பார்வை மங்கிய பிறகும் வந்தவர்களுக்குச் சொல்லிக் கொடுத்துக் கொண்டிருந்தார். தாலியோனியும் முதுமையில் வறுமைப்பட்டார். ஆனால் அவர் ஏற்படுத்திய பரீட்சையில் அவர் பேர் நின்றது. கௌரி அம்மாள் வாழ்ந்த ஊரிலேயே இன்று எத்தனை பேருக்கு அவர் பேர் தெரியும்?

செத்தது எது? பிழைத்தது எது?

இப்போது அந்தத் தோழர் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லுகிறேன். சட்டம் ஆட்டத்தைக் கொல்லவில்லை. கல்லுக்குத் தாலி கட்டுவதைக் கொன்றது. ஆட்டம் செத்திருந்தால் பூந்தமல்லிச் சாலையில் பலகை எப்படித் தொங்கும்? "பெரிய வீட்டுப் பெண்கள் பிழைக்க வைத்தார்கள்" என்பதும் பாதிப் பொய். அவர்களுக்குக் கற்றுக் கொடுத்தவர்கள் யார்? தாசிகளும் நட்டுவனார்களும்தானே? செத்துப் போன கலையைச் செத்தவளிடமா கற்றுக் கொண்டார்கள்?

பேரை மட்டும் மாற்றினார்கள். சதிர் என்றும் சின்னமேளம் என்றும் இருந்தது 1930களில் பரதநாட்டியம் ஆயிற்று. தாசி ஆடினால் சதிர், கேவலம். பெரிய வீட்டுப் பெண் ஆடினால் பரதம், தெய்விகம்! ஆட்டம் ஒன்றுதான்; அடவு ஒன்றுதான்; மாறினது சாதி மட்டுமே. 1947 சட்டம் கோயிலில் பெண் ஆடுவதைத் தடுத்தது. 1981 முதல் சிதம்பரம் கோயிலில் நாட்டியாஞ்சலி என்று வருஷா வருஷம் பெண்கள் ஆடுகிறார்கள். அவர்கள் ஆடுவதில் நமக்கு ஆட்சேபணை இல்லை. பொட்டுக் கட்டாத, இஷ்டப்பட்டு ஆடுகிற பெண்கள். ஆனால் அந்தக் கலையைக் காப்பாற்றிக் கொடுத்த குடும்பத்துப் பெண்கள் சிலர் "எங்கள் பாட்டி நாட்டியக்காரி" என்று சொல்ல இன்றும் வெட்கப்படுகிறார்களே, அதற்கு யார் பொறுப்பு?

நம் பேரிலும் குறையிருக்கிறது. அதையும் சொல்லியாக வேண்டும். நாம் "தாசித் தொழில் ஒழிக" என்றோம். சொன்னது சரி. ஆனால் தொழிலில் இரண்டு கலந்திருந்தது: ஒன்று அடிமைத்தனம், மற்றொன்று வித்தை. அடிமைத்தனத்தைக் கண்டித்த வேகத்தில் வித்தைக்கு உடையவளை மறந்து போனோம். நட்டுவனார்களான ஆண்கள் பிள்ளைவாள் என்றும் வித்துவான் என்றும் ஆசிரியராக நிலைத்துக் கொண்டார்கள். அதே வீட்டுப் பெண்ணை, "நீ சதங்கையைக் கழற்றினால்தான் கௌரவம்" என்றோம். நிலம் இருந்தவளுக்கு 1929 சட்டம் நிலத்தைக் கொடுத்தது. நிலமில்லாத, வித்தை மட்டுமே சொத்தான கிழவிக்கு ஒரு பள்ளிக்கூடத்து உபாத்தியாயர் வேலை கொடுக்க வேண்டுமென்று நாம் போதுமான அளவு கத்தவில்லை. கத்தியிருக்க வேண்டும்.

நாம் செய்ய வேண்டியது

ஆகவே தோழர்களே, இனிச் செய்ய வேண்டிய காரியத்தைச் சொல்லி முடிக்கிறேன்.

உங்கள் வீட்டுப் பெண்ணுக்கு ஆட ஆசையிருந்தால் தாராளமாகக் கற்றுக் கொடுங்கள். ஆசையில்லாவிட்டால், பக்கத்து வீட்டுப் பெருமைக்காகக் கற்கச் சொல்லி உபத்திரவம் செய்யாதீர்கள். அரங்கேற்றம் என்று கடன் வாங்கி லட்சக்கணக்கில் செலவழிக்காதீர்கள். முன்பு பிறவியைக் கொண்டு கலைக்கு வேலி போட்டார்கள். இப்போது பணத்தைக் கொண்டு வேலி போடுகிறார்கள். இரண்டும் வேலிதான். சர்க்கார் பல மாவட்டங்களில் இசைப்பள்ளிகள் நடத்துகிறது. நாதசுரம், தவிலோடு பரதமும் அங்கே கற்பிக்கிறார்கள். சாதி கேட்பதில்லை. ஏழைப் பிள்ளைகளை அங்கே அனுப்புங்கள்.

பிள்ளை கற்க ஆரம்பித்ததும், "இந்த அடவை உனக்குச் சொல்லிக் கொடுத்தவர் யாரிடம் கற்றார்? அவர் யாரிடம் கற்றார்?" என்று கேட்கச் சொல்லுங்கள். மூன்று தலைமுறை கேட்டால் போதும். அந்தக் கேள்வி கைலாசத்துக்குப் போகாது. தஞ்சாவூருக்கோ திருவாரூருக்கோ மயிலாப்பூருக்கோ போய், ஒரு நட்டுவனார் வீட்டிலோ ஒரு தாசி வீட்டிலோ போய் நிற்கும். அந்த வீட்டு வாசலில் நின்று நாம் காட்ட வேண்டிய மரியாதையைத்தான் இத்தனை நாளாகக் கோயில் வாசலில் காட்டிக் கொண்டிருக்கிறோம்.

கடைசியாக, உங்கள் ஊரில் யாராவது ஒரு பாட்டி, முன்காலத்தில் ஆடினவர் என்று மற்றவர்கள் குசுகுசுவென்று பேசுகிற குடும்பத்தில் பிறந்தவராக இருந்தால், அவர் மகனோ பேத்தியோ எதிரில் வரும்போது தலையைத் திருப்பிக் கொள்ளாதீர்கள். அவர்கள் வெட்கப்பட ஒன்றுமில்லை. வெட்கப்பட வேண்டியவன், கல்லை முன்னால் நிறுத்தி, பின்னால் ஒளிந்து நின்று பார்த்தவனே ஒழிய, கால் தேய உழைத்து ஆடினவள் அல்ல.

நான் சொன்னதில் உங்கள் அறிவுக்குச் சரியென்று பட்டதை எடுத்துக் கொள்ளுங்கள். படாததை இங்கேயே விட்டுவிட்டுப் போங்கள்.